காட்டு வழியின் ஏழாம் நடை

முதலில் தப்புச் செய்தவன் மயிலேறிதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லலாம் என்று வைத்தால், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கிறது என்று பேச நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தப்புச் செய்தவன் மயிலேறி. பொறுத்துக்கொண்டவன் கொம்பையா. இனிக் கதையைக் கேளுங்கள்.

வண்டிச் சக்கரம் மலை ஏறாத காலம் அது. கடலோரத்தில் ஓர் உப்பளம் இருந்தது. மலைமேல் ஒரு நகரம் இருந்தது. நகரத்தை ஓர் அரசி ஆண்டாள். அவள் நாட்டில் எல்லாம் விளைந்தது, உப்பு மட்டும் விளையவில்லை. ஆகவே உப்பு, மனிதர் தலையில் ஏறி மலைக்குப் போயிற்று.

உப்பளத்திலிருந்து நகர வாசலுக்கு இரண்டு வழிகள். ஒன்று காட்டு வழி. மற்றது ஆற்றுக் கரை வழி. இரண்டும் ஒரே நீளம். முன்னாளில் ஓர் அரசர் கயிறு பிடித்து அளந்து பார்த்த நீளம் அது. சந்தேகமே வேண்டாம். ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே வேகத்தில் நடந்தால், இரண்டு வழிக்காரர்களும் நகர வாசலில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டுதான் நுழைவார்கள்.

தலைச்சுமைக்காரனுக்கு வழியில் வேண்டியவை மூன்று. குடிக்கத் தண்ணீர், நிற்க நிழல், சுமையை இறக்க ஒரு கல். பொதியைத் தரையில் வைத்துவிட்டால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். தோள் உயரத்துக்குக் கல் நாட்டியிருந்தால் அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். பிறகு தலையைக் கொடுத்துத் தானே வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர்.

காட்டு வழிக்காரர்களின் முன்னோர் தங்கள் வழியை ஏழு சம பங்காக வகுத்து, பங்குக்கு ஒரு சுமைதாங்கி நாட்டினார்கள். கரை வழிக்காரர்களின் முன்னோர் ஒன்பது சம பங்காக வகுத்து நாட்டினார்கள். காட்டுக்காரர்கள் கல்லில் சிக்கனம் பிடித்தார்களா, கரைக்காரர்களுக்குக் கழுத்தில் பலம் குறைவா, யாருக்கும் தெரியாது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை உள்ள தூரத்தை இரண்டு கூட்டமும் 'ஒரு நடை' என்றே சொன்னது. காட்டு வழி ஏழு நடை. கரை வழி ஒன்பது நடை.

ஒரு கூட்டத்தின் வழியில் மற்றக் கூட்டத்து ஆண்கள் சுமை தூக்கிப் போகக் கூடாது. பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், வழியை மட்டும் கொடுக்க மாட்டார்கள். அது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நகர வாசலிலிருந்து அரண்மனைக் களஞ்சியம்வரை ஒற்றையடிச் செம்மண் பாதை. வாசலில் சேரும் இரண்டு கூட்டமும் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற வேண்டும். முன்னால் போகிறவன் காற்றைச் சுவாசிப்பான். பின்னால் வருகிறவன் புழுதியைத் தின்பான். யார் முன்னால் போவது? அதற்குத்தான் ஆண்டுக்கு ஒரு முறை போட்டி.

புது உப்பு வாரும் நாளில், கூட்டத்துக்கு ஓர் ஆள், ஒரே எடைப் பொதியோடு விடியும்போது கிளம்புவான். இறக்காமல் எவ்வளவு தூரம் போகிறான் என்பதே போட்டி. கூடவே அரசியின் காவலன் ஒருவன் நடப்பான். எந்தக் கல்லில் பொதி இறங்குகிறதோ அந்தக் கல்லில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகுவான். வென்றவன் கையில் வெண்கல மணி கட்டிய கோல் வரும். அந்த ஆண்டு முழுதும் அவன் முன்னால் மணி ஆட்டிக்கொண்டு நடப்பான். அவன் கூட்டம் அவனுக்குப் பின்னால். மற்றக் கூட்டம் அதற்கும் பின்னால், புழுதிக்குள்.

முடிவைச் சொல்கிறவன் யார் தெரியுமா? ஏற்கனவே கோல் வைத்திருக்கிறவன். இப்படி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியவன் கையிலும் அன்றைக்கு ஒரு கோல் இருந்திருக்க வேண்டும்.

மயிலேறி கரை வழிக்காரன், இளவட்டம், கோல் அவனிடம் இருந்தது. கொம்பையா காட்டு வழிக்காரன், ஐம்பதைத் தொட்டவன். மயிலேறியின் அக்காள் வெயிலாளைத்தான் கொம்பையா கட்டியிருந்தான். ஆக இருவரும் மைத்துனர்கள். சண்டைக்கு அதைவிட வசதியான உறவு கிடையாது.

முதல் ஆண்டு. கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நடை இறக்காமல் வந்தான். மயிலேறியும் ஐந்து நடை வந்தான். வாசலில் எல்லாரும் கூடினார்கள்.

"அஞ்சுக்கு அஞ்சு, சமன்" என்றான் மயிலேறி. "சமன்னா கோல் இருக்கிற கையிலேயே இருக்கும். வழக்கம்தானே, அத்தான்?"

"நான் கூட வந்திருக்கேன் மாப்பிள்ளே" என்றான் கொம்பையா. "என் கழுத்து சொல்லுது."

"கழுத்து பேசுதா? எங்க, இன்னொரு தடவை பேசச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள். கொம்பையாவின் கூட்டத்திலும் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் முப்பத்தொரு பேர். கொம்பையா அதை மறக்கவே இல்லை.

அந்த ஆண்டு முழுதும் அவன் புழுதி தின்றான். தலையில் உப்பு, கண்ணில் மண், தொண்டையில் இருமல். முன்னால் மணி ஆடுகிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். தான் அதிகம் நடந்ததாக அவன் உடம்புக்குத் தெரிந்தது. ஏன் என்று வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு வெற்றிலை.

ஒரு நாள் வெயிலாள் கஞ்சிக் கலயத்தோடு காட்டு வழியில் அவனுடன் நடந்து வந்தாள். நடந்துகொண்டே புலம்பினாள்.

"உங்க வழிக் கல்லெல்லாம் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி நிக்குது? எங்க வழியில ஒரு கல்லுல வெத்தலை போட்டா, அது தீர்றதுக்கும் அடுத்த கல்லு வர்றதுக்கும் சரியா இருக்கும். இங்க வெத்தலை தீர்ந்து எவ்வளவு நேரமாச்சு! வாய் சும்மா கெடக்கு, கல்லைக் காணோம்."

கொம்பையா நின்றுவிட்டான். காட்டு வழி ஆண்கள் கரை வழியைக் கண்டதில்லை. கரை வழி ஆண்கள் காட்டு வழியைக் கண்டதில்லை. இரண்டையும் கண்டவர்கள் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் மட்டும்தான். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

"வாய் சும்மா கெடக்குன்னேன்."

"உன் தம்பிக்கு எதிரா சாட்சி சொல்றே, தெரியுதா?"

"தம்பி என் தம்பி. புருஷன் என் புருஷன். வெத்தலை எந்தப் பக்கமும் பேசாது."

கொம்பையா படிப்பறியாதவன். ஆனால் யோசிக்கத் தெரிந்தவன். அவன் யோசித்தது இதுதான். ஒரே நீள வழியை ஏழாய் வெட்டினால் துண்டு பெரிது. ஒன்பதாய் வெட்டினால் துண்டு சிறிது. அதிகம் வெட்ட வெட்டத் துண்டு இளைக்கும். அவன் கடந்தது பெரிய துண்டில் ஐந்து, மயிலேறி கடந்தது சிறிய துண்டில் ஐந்து. எண்ணிக்கை ஒன்றாய் இருந்தால் துண்டைப் பார்க்க வேண்டாமா?

நேரே மயிலேறியிடம் போய்ச் சொன்னான்.

"அஞ்சுன்னா அஞ்சுதான் அத்தான். அஞ்சு பழத்துக்கு அஞ்சு பழம்" என்றான் மயிலேறி.

"அஞ்சு மாம்பழமும் அஞ்சு நாவப்பழமும் ஒண்ணாடா?"

"சரி, உங்க வழி எத்தனை? ஏழு. எங்க வழி எத்தனை? ஒன்பது. ஒன்பது பெருசா ஏழு பெருசா? எங்களதுதான் பெருசு. விட்டுத் தள்ளுங்க."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒன்பது என்ற சொல்லே அவர்கள் காதில் பெரிதாக விழுந்தது. சுமைக்காரர்களின் குறை அது. காலம் முழுக்கக் கல்லை எண்ணியே பழகியவர்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பதை எண்ண மறந்துபோனார்கள்.

இரண்டாம் ஆண்டு. போட்டிக்கு முந்தின வாரம் கொம்பையாவுக்குக் காய்ச்சல். இருந்தும் கிளம்பினான். நாலு நடைக்கு மேல் முடியவில்லை. மயிலேறி ஐந்து நடை வந்தான்.

"இந்தத் தடவை சமன்கூட இல்ல" என்றான் மயிலேறி. "நாலு பெருசா அஞ்சு பெருசா அத்தான்? விரலை விட்டு எண்ணிப் பாருங்க."

கொம்பையா விரலை எண்ணவில்லை. வழியை நினைத்தான். காட்டு வழியின் நட்டநடுவில் ஒரு வழுக்கைப் பாறை உண்டு. அது நாலாம் நடையின் பாதியில் வரும். கரை வழியின் நட்டநடுவில் இரட்டை மருதமரம் உண்டு. அது ஐந்தாம் நடையின் பாதியில் வரும் என்று வெயிலாள் சொல்லியிருந்தாள். இரண்டு கூட்டமும் நடுவழியில்தான், ஒருவர் பொதியை ஒருவர் இறக்கி ஏற்றிவிட்டு, உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்.

"கேளு மாப்பிள்ளே" என்றான். "நீ மரத்தைத் தாண்டி அரை நடை வந்தே. நான் பாறையைத் தாண்டி அரை நடை வந்தேன். கஞ்சி குடிக்கிற இடம்வரை ரெண்டு பேரும் ஒண்ணு, அது பாதி வழி. அதுக்கு மேல உனக்கும் அரை நடை, எனக்கும் அரை நடை. உன் நடை சின்னது, அதுல பாதியும் சின்னது. என் நடை பெருசு, அதுல பாதியும் பெருசு. மயிரிழைன்னாலும் நான்தான் கூட."

மயிலேறி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"காய்ச்சல் இன்னும் இறங்கலையே அத்தான்!"

இந்த முறை சிரித்தவர்கள் நாற்பது பேர்.

கொம்பையா பொதியைத் தூக்கினான். புழுதிக்குள் புகுந்தான். களஞ்சியம்வரை இருமிக்கொண்டே போனான்.

புது உப்பின் முதல் பொதியை அரசியே வந்து ருசி பார்ப்பது அந்த நாட்டு முறை. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "உப்பு சரியா இருக்கா?"

எல்லாரும் "சரி தாயே" என்றார்கள். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் நின்ற கொம்பையா சொன்னான், "உப்பு சரி தாயே. எண்ணிக்கைதான் சரியில்ல."

அரசி அவனை முன்னே வரச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். முதல் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் சொன்னான். முப்பத்தொரு பேரையும் நாற்பது பேரையும்கூட விடவில்லை. பிறகு பொதி கட்டும் கயிற்றில் ஒரே நீளமாய் இரண்டு துண்டு வெட்டினான். ஒன்றில் சமமாக முடிச்சுப் போட்டு ஏழு பாகம் செய்தான். மற்றொன்றில் ஒன்பது பாகம் செய்தான். முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தான்.

ஏழில் ஐந்தும் ஒன்பதில் ஐந்தும் எங்கெங்கே நின்றன என்று எல்லாரும் பார்த்தார்கள். வித்தியாசம் முழங்கை நீளம் இருந்தது. ஏழில் நாலும் ஒன்பதில் ஐந்தும் எங்கெங்கே நின்றன என்று குனிந்து பார்த்தார்கள். வித்தியாசம் இரண்டு விரற்கடைதான். ஆனால் நீண்டு நின்றது ஏழின் பக்கம்.

"கயிறு இருந்தா யாரும் சொல்லலாம்" என்றாள் அரசி. "கயிறில்லாம சொல்லு பார்ப்போம். ஒருத்தன் ஏழில் மூணு நடை வர்றான். இன்னொருத்தன் ஒன்பதில் அஞ்சு நடை வர்றான். யார் கூட?"

"ரெண்டாமவன் தாயே."

"கொஞ்சம்கூட யோசிக்கலையே?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முதல் ஆள் இன்னும் கஞ்சி குடிக்கிற இடத்துக்கே வரலை. ரெண்டாமவன் குடிச்சு முடிச்சு எழுந்து நடந்துட்டான்."

அரசி வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கொம்பையா கணக்கில் சேர்க்கவில்லை.

"போன ரெண்டு ஆண்டும் உன்னுடையவை" என்றாள் அவள். "ஆனா நீ தின்ற புழுதியை என்னால திருப்பி எடுக்க முடியாது. அடுத்த ஆண்டு நானே வாசலுக்கு வர்றேன். கோல் அதுவரை என்கிட்ட இருக்கட்டும். அளவை நீ சொல்லு, உன் முறைப்படியே தீர்ப்பு. சமன் வந்தா, ரெண்டு தடவை இழந்தவன் நீ, கோல் உனக்கே."

மயிலேறி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். 'தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொம்பையா அதையும் பார்த்துக்கொண்டான்.

அந்த ஓர் ஆண்டு யார் கையிலும் கோல் இல்லை. இரண்டு கூட்டமும் மாறி மாறிப் புழுதி தின்றன. மயிலேறி முதல் முறையாக இருமினான். அதைக் கேட்டுக் கொம்பையாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. இனிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

மயிலேறியும் சும்மா இருக்கவில்லை. அம்மிக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுமணலில் நடந்து பழகினான். "என் தம்பி கழுத்து எருமைக் கழுத்தாயிட்டு வருது" என்று வெயிலாள் வந்து சொன்னாள். கொம்பையாவும் விடவில்லை. உரலைத் தூக்கினான். அந்த ஆண்டு அந்தக் குடும்பத்தில் சமையல் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டு வந்தது. விடியும்போது இருவரும் கிளம்பினார்கள்.

கொம்பையா ஐந்து நடை கடந்தான். அவன் வாழ்நாளில் அதற்கு மேல் போனதில்லை. ஆறாம் நடையில் கண் இருட்டியது. கால் பின்னியது. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தான். பெயருக்கு ஓர் அடி. நாற்பது பெயரும் தீர்ந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். ஆறாம் கல் வந்தது. அதன்மேல் பொதியைத் தள்ளிவிட்டு அப்படியே கல்லைக் கட்டிக்கொண்டு நின்றான். காவலன் வேப்பங்கொத்தைச் செருகினான்.

ஏழில் ஆறு. காட்டு வழிக்காரர்களில் யாரும் தொடாத தூரம்.

இளைப்பாறி, மீதி ஒரு நடையையும் நடந்து வாசலுக்கு வந்தான். மயிலேறி அங்கே மல்லாந்து கிடந்தான். அவன் முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவனுடன் வந்த காவலன் சொன்னான், "எட்டாம் கல்லில் இறக்கினான் தாயே. ஒன்பதில் எட்டு."

கூட்டம் ஓ என்றது. பிறகு கணக்குப் போட்டது.

"இவனுக்கு ஒண்ணு பாக்கி, அவனுக்கும் ஒண்ணு பாக்கி!"

"ஒண்ணுக்கு ஒண்ணு சரி. சமன்!"

"சமன்னா கோல் கொம்பையாவுக்கு! கொம்பையாவுக்கு!"

கத்தியவர்களில் போன ஆண்டு சிரித்த நாற்பது பேரும் இருந்தார்கள். மயிலேறி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். இரண்டு ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றை இப்போது சொன்னான்.

"சமன்தான் அத்தான். கோலை எடுத்துக்குங்க. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

அரசி கோலைக் கையில் வைத்துக்கொண்டு கொம்பையாவைப் பார்த்தாள். "அளவு உன்னுடையது. நீ சொல்லு. சமனா?"

நீங்களே நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டுப் புழுதி. இரண்டு ஆண்டு இருமல். எதிரியே எடுத்துக்கொள் என்கிறான். ஊரே எடுத்துக்கொள் என்கிறது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். அந்த வாசலில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரசி. அவள் வாய் திறக்கவில்லை. இன்னொருவன் கொம்பையா.

அவன் வெயிலாளைப் பார்த்தான். அவள் வெற்றிலை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவன் கோலைப் பார்த்தான். அதில் இருந்த மணிகள் காற்றில் லேசாக ஆடின. அவன் தொண்டையைச் செருமினான்.

"சமன் இல்ல தாயே."

கூட்டம் முண்டியடித்து முன்னே வந்தது.

"எனக்கும் ஒண்ணு பாக்கி, அவனுக்கும் ஒண்ணு பாக்கி. மெய்தான். ஆனா எனக்குப் பாக்கி நிக்கிறது காட்டு வழி நடை. பெரிய துண்டு. அவனுக்குப் பாக்கி நிக்கிறது கரை வழி நடை. சின்னத் துண்டு. ரெண்டு வழியும் ஒரே நீளம். குறைவாப் பாக்கி வெச்சவன்தானே அதிகம் கடந்தவன்? அவன்தான் கூட. கோல் அவனுக்கு."

மயிலேறி வாயைப் பிளந்தான். "என்ன அத்தான் சொல்றீங்க? நான் ஜெயிச்சேனா?"

"ஜெயிச்சது உனக்கே புரியலை பார். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"சும்மா இருந்திருந்தா கோல் உங்களுக்கு வந்திருக்குமே!"

"வந்திருக்கும். அப்புறம்? ரெண்டு வருஷமா உன்மேல ஒரு கோபம் வெச்சிருக்கேன். அப்பழுக்கில்லாத கோபம். ஒரு தப்பும் நான் செய்யலை, எல்லாத் தப்பும் நீதான். இன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டா, உனக்கு நான் ஒரு வருஷம் தரணும்னு ஆயிரும். என் கோபம் கெட்டுப்போயிரும். அதுக்கா இவ்வளவு நாள் பாதுகாத்தேன்?"

யாரும் சிரிக்கவில்லை. வெயிலாள் மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மயிலேறி எழுந்தான். தள்ளாடி நடந்து வந்து கொம்பையாவின் முன்னால் நின்றான்.

"முதல் வருஷமும் நீங்கதான் அத்தான். ரெண்டாம் வருஷமும் நீங்கதான். அப்போ எனக்குப் புரியலை. புரிஞ்ச பிறகு சொல்ல வாய் வரலை."

"இப்ப வந்துதே, அது போதும்னு நினைக்காதே" என்றான் கொம்பையா. ஆனால் குரலில் சூடு குறைந்திருந்தது.

அரசி கோலை மயிலேறியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு தீர்ப்பும் சொன்னாள்.

"இந்த ஆண்டு உன்னுடையது. மறுப்பில்லை. ஆனா போன ரெண்டு ஆண்டுக்கு நீ இவனுக்குக் கடன்பட்டவன். அடுத்த சுமை நாளில் இவன் பொதியை நீ தூக்கு. இவன் வழியில் தூக்கு. ஏழு நடையும் தூக்கு. அன்னிக்கு மட்டும் மணிக்கோல் இவன் கையில் இருக்கட்டும். இவன் வெறுந்தலையோட முன்னால நடக்கட்டும்."

வழக்கத்தில் இல்லாத தீர்ப்புதான். ஆனால் அரசி சொன்னால் சொன்னதுதான்.

அந்த நாளும் வந்தது. கரை வழிக்காரன் ஒருவன் முதன்முதலாகக் காட்டு வழியில் சுமையோடு கால் வைத்தான். கொம்பையா முன்னால் மணி ஆட்டிக்கொண்டு நடந்தான். தலையில் ஒன்றுமில்லாமல் நடப்பது எப்படி இருக்கும் என்று அவன் மறந்தே போயிருந்தான். மரங்களுக்கு மேல்பாதி இருப்பதை அன்றுதான் பார்த்தான். கிளையில் பறவைகள் இருந்தன. காற்று நன்றாக இருந்தது.

பின்னால் மயிலேறி முனகினான். "இன்னுமா கல்லு வரலை?"

"வரும், வரும்."

"எங்க வழியா இருந்தா இந்நேரம் கல்லுல சாஞ்சிருப்பேன்."

"எங்க வழிடா இது."

போட்டியில் பிடித்துக்கொண்ட கழுத்து இன்னும் விடாததால், முதல் கல்லிலேயே மயிலேறிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் கல்லில் பேச்சு நின்றது. ஆறாம் கல்லில் பொதியைத் தள்ளிவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அதற்கு மேல் அவன் கழுத்து நிமிரவில்லை. நடிப்பில்லை என்று கொம்பையா தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"ஒண்ணுதானே அத்தான் பாக்கி" என்றான் மயிலேறி, மூச்சிரைக்க. "ஒரே ஒண்ணு. இன்னொரு நாள் தூக்கித் தர்றேன்."

"ஒண்ணுதான்" என்றான் கொம்பையா. சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்தான். தலையைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டான். கோலை மயிலேறியின் கையில் கொடுத்து, ஊன்றிக்கொண்டு வரச் சொன்னான். ஏழாம் நடையைத் தானே நடந்தான்.

பிறகு இருவருக்கும் சச்சரவு இல்லை. வீட்டுக்கு வீடு போக வர இருந்தார்கள். போட்டியின் முடிவை அளந்து சொல்லும் வேலையை இரண்டு கூட்டமும் சேர்ந்து கொம்பையாவிடமே கொடுத்தது. அவன் ஒரு முறை தன் கூட்டத்துக்கும் ஒரு முறை எதிர்க் கூட்டத்துக்கும் சாதகமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவன் சந்தோஷமாகவே இருந்தான்.

ஆனால் கடன் கடன்தான்.

மயிலேறி ஒரு நாள் வந்தான். "அத்தான், அந்த ஒரு நடையைத் தீர்த்துரலாம். உங்க வழியில மறுபடி தூக்க வழக்கம் விடாது. என் வழியில வாங்க, உங்க பொதியை ஒரு நடை தூக்கித் தர்றேன்."

"உன் வழியிலயா? அது ஒன்பதில் ஒண்ணு. நீ தர வேண்டியது ஏழில் ஒண்ணு. சின்னதைக் கொடுத்துப் பெருசை அடைக்கப் பாக்குறியா?"

"அப்ப ஒண்ணேகால் நடை தூக்கறேன்."

கொம்பையா ஒரு நொடி யோசித்தான். "ஒண்ணேகால் கொஞ்சம் குறையும். அதுக்கு மேல வேணும். எவ்வளவு மேலன்னு நீயே கண்டுபிடிச்சுக்கிட்டு வா."

மயிலேறி விரலை விட்டான், மடக்கினான், மறுபடி விட்டான். ஒன்பதையும் ஏழையும் ஒன்றாகப் பிடிக்க அவன் விரல்கள் போதவில்லை. எழுந்து போய்விட்டான். அதன் பிறகு எத்தனையோ புது உப்பு வந்தது, எத்தனையோ பொதி ஏறியது. காட்டு வழியில் அந்த ஒரு நடை மட்டும் கொம்பையாவுக்கு வந்து சேரவே இல்லை. இன்றுவரை பாக்கிதான்.

ஆகவே கேட்டவர்கள் மனதில் வையுங்கள்: எத்தனை பங்கு என்று எண்ணும்போது ஒவ்வொரு பங்கும் எவ்வளவு பெரிது என்றும் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்த அளவு நமக்கு எதிராக வந்தாலும் அதையே சொல்ல வேண்டும்.